எடை குறைக்கும் மாதங்களில் எந்தப் பளுப் பயிற்சி அட்டவணை?

உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் உதவும். வயது 34, உயரம் 171 சென்டிமீட்டர், எடை 82 கிலோ, தொப்புள் மட்டத்தில் சுற்றளவு 98 சென்டிமீட்டர். நாள் முழுக்க நாற்காலி வேலை. ஏழு மாதமாக ஜிம்முக்குப் போகிறீர்கள். இளைக்க வேண்டும் என்றதும் ஜிம் மாஸ்டர் ஆறு நாள் அட்டவணை போட்டுக் கொடுத்தார்: திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் தோள், வியாழன் கால், வெள்ளி கை, சனி வயிறு. எல்லாமே குறைந்த பளு, செட்டுக்கு (நடுவே ஓய்வில்லாமல் செய்யும் ஒரு சுற்றுக்கு) 20 தடவை. முடிந்ததும் முக்கால் மணி நேரம் டிரெட்மில். நண்பர் ஒருவர் 'ஐந்துக்கு ஐந்து' முறையைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார். கைப்பேசியில் பார்த்த காணொளியோ, ஓய்வில்லாமல் ஒன்றுவிட்டு ஒன்றாகச் செய்யும் சர்க்யூட்தான் கொழுப்பைக் கரைக்கும் என்கிறது. மூன்றில் எது என்பது உங்கள் கேள்வி.

மூன்றும் வேண்டாம். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் உடம்பு முழுவதையும் வேலை வாங்கும் அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். நாலைந்து பயிற்சிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு அல்லது மூன்று செட். ஒரு மணி நேரத்துக்குள் வீடு திரும்பிவிடலாம்.

பளு தூக்குவதே கொழுப்பை எரிக்கத்தான் என்று நினைத்துக்கொண்டுதான் பலரும் அட்டவணையைத் தேடுகிறார்கள். அங்கேதான் வழி தவறுகிறது. உங்கள் எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் நன்றாகப் பளு தூக்கினால் செலவாவது ஏறக்குறைய 250, 300 கலோரி. இரண்டு மெதுவடையும் ஒரு டீயும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஒரு கிலோ உடற்கொழுப்பில் அடங்கியிருப்பது சுமார் 7,700 கலோரி. தினமும் 500 கலோரி குறைத்துச் சாப்பிட்டால் வாரத்துக்கு 3,500. அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கொழுப்பு போகும். இந்தக் கணக்கு தீர்வது சாப்பாட்டுத் தட்டில். பளுவுக்கு வேறு வேலை இருக்கிறது.

குறைவாகச் சாப்பிடும்போது உடம்பு கொழுப்பை மட்டும் எடுத்துச் செலவழிப்பதில்லை, தசையிலும் கை வைக்கும். வேலையில்லாத தசைக்குச் சோறு போடுவது அதற்கு வீண்செலவு. 'இந்தத் தசை எனக்கு வேண்டும்' என்று வாரந்தோறும் உடம்புக்குச் சொல்லிக்கொண்டே இருந்தால்தான் அது தசையை விட்டுவைத்துக் கொழுப்பை எடுக்கும். அப்படிச் சொல்லும் ஒரே மொழி, தசைக்குச் சிரமமான பளு.

இது நம்மவர்களுக்குக் கூடுதலாகப் பொருந்தும். புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் 2004இல் தங்கள் இருவரின் படத்தையே லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3தான். ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு அதிகம், தசை குறைவு என்ற இந்த உடல்வாகு தெற்காசியர்களிடம் பரவலாக இருக்கிறது. ஆண்களுக்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டினாலே கவனிக்கச் சொல்வதும் இதனால்தான். தசை முதலிலேயே குறைவாக உள்ளவர்கள் பட்டினி கிடந்து அதையும் இழந்தால், எடை இறங்கிய பிறகும் தொப்பை மட்டும் மிஞ்சும். பத்துக் கிலோ குறைத்துவிட்டு, கன்னம் ஒட்டி, கை மெலிந்து, வயிறு அப்படியே இருக்கிறதே என்று என்னிடம் வருத்தப்பட்டவர்கள் பலர். அவர்கள் உழைக்காதவர்கள் அல்லர். தினமும் ஓடினார்கள், இரவில் இரண்டு சப்பாத்தியோடு நிறுத்திக்கொண்டார்கள். பளுவை மட்டும் யாரும் அவர்களுக்குச் சரியாகச் சொல்லித் தரவில்லை.

எனவே அட்டவணையை எடைபோட ஒரே கேள்வி போதும்: உடல் எடை இறங்க இறங்க, நான் தூக்கும் பளு இறங்காமல் நிற்கிறதா? அந்தக் கேள்வியை மூன்று அட்டவணைகளிடமும் கேட்டுப் பார்ப்போம்.

மாஸ்டரின் அட்டவணையில் உள்ள '20 தடவை, குறைந்த பளு' நம் ஜிம்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுவது. பெரிய பளு உடம்பை ஏற்றும், சின்னப் பளு உடம்பைச் செதுக்கும் என்பார்கள். தசைக்கு அப்படி இரண்டு வகை வேலை கிடையாது. குறைந்த பளுவிலும் தசை வளரும். ஆனால் இனி ஒரு தடவைகூட முடியாது என்ற விளிம்புவரை போக வேண்டும். அரை வயிற்றோடு இருக்கும் மாதங்களில் அது கொடுமை. நடைமுறையில் எல்லோரும் 20 என்று எண்ணி, இன்னும் 15 தடவை தெம்பு இருக்கும்போதே கீழே வைத்துவிடுகிறார்கள். நேற்றுவரை 50 கிலோ தூக்கிய நெஞ்சுக்கு இன்று 25 கிலோ கொடுத்தால், பாதித் தசை போதும் என்றுதான் உடம்பு புரிந்துகொள்ளும்.

பளு குறையக் கூடாது, ஆனால் பயிற்சியின் அளவு குறையலாம். இதை நீங்கள் அழுத்திக் குறித்துக்கொள்ள வேண்டும். அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்ஹாம் வளாகத்தில் நடந்து 2011இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், 16 வாரம் பயிற்சி செய்தவர்களை அடுத்த 32 வாரம் மிகக் குறைந்த பயிற்சியில் விட்டுப் பார்த்தார்கள். இளைஞர்கள், முன்பு செய்ததில் ஒன்பதில் ஒரு பங்கு மட்டும் செய்தே பெற்ற தசையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். வயதானவர்களுக்கு அது போதவில்லை. உணவைக் குறைத்தவர்களிடம் செய்த ஆய்வன்று அது. அதனால் ஒன்பதில் ஒரு பங்கு என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். ஆனால் தசையை வளர்க்கத் தேவைப்படும் உழைப்பைவிட, வளர்ந்ததைக் காக்கத் தேவைப்படும் உழைப்பு மிகக் குறைவு என்பது தெளிவு. ஆறு நாள் ஓடி ஓடிச் செய்ய வேண்டியதில்லை.

அந்த ஆறு நாள் முறையில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. ஒவ்வொரு தசைக்கும் வாரத்தில் ஒரே நாள். வியாழக்கிழமை அலுவலகத்தில் தாமதமாகிவிட்டால் கால்களுக்கு இரண்டு வாரம் விடுமுறை. உங்கள் வருகைப் பதிவை எடுத்துப் பாருங்கள். விட்டுப்போனவற்றில் வியாழக்கிழமைகளே அதிகம் இருக்கும். முழு உடல் அட்டவணையில் ஒரு நாள் தவறினாலும், மற்ற இரண்டு நாளும் எல்லாத் தசைக்கும் வேலை நடந்துவிடும்.

சர்க்யூட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நெஞ்சு படபடக்கும், சட்டை நனையும், நன்றாக உழைத்த நிறைவு வரும். ஆனால் ஓய்வில்லாததால் தசை களைக்கும் முன்பே மூச்சு முட்டிவிடும், பளு தானாக இறங்கிவிடும். இதயத்துக்கு நல்லது, தசையைக் காக்கும் வேலைக்கு ஆகாது.

நண்பர் சொன்ன ஐந்துக்கு ஐந்து, அதாவது ஐந்து செட், செட்டுக்கு ஐந்து தடவை, மூன்றில் சிறந்தது. அதன் எலும்புக்கூடு சரியானது: பார்பெல் (இருபுறமும் பளு மாட்டும் நீளக் கம்பி), பெரிய அசைவுகள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பளு ஏற்றுவது. வயிறாரச் சாப்பிட்டு வளர வேண்டிய மெலிந்த பையனுக்கு நான் அதையே கொடுப்பேன். ஆனால் வாரம் மூன்று முறையும் கனமான ஸ்குவாட் (பாரைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழுவது), ஐந்தைந்து செட், ஒவ்வொரு தடவையும் இரண்டரைக் கிலோ ஏற்று என்றால், குறைத்துச் சாப்பிடும் உடம்பு ஆறாவது, எட்டாவது வாரத்தில் திணறும். முழங்காலும் கீழ்முதுகும் முணுமுணுக்கத் தொடங்கும். அப்போது பயிற்சியும் போய், உணவுக் கட்டுப்பாடும் சேர்ந்து போய்விடுகிறது.

இனி நான் சொல்லும் அட்டவணை. இரண்டு நாள்களை 'அ', 'ஆ' என்று வைத்துக்கொள்ளுங்கள். 'அ' நாளில் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் படுத்துப் பாரை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது), உட்கார்ந்து இழுக்கும் கேபிள் ரோ, கடைசியில் பிளாங்க் (முழங்கையும் கால்விரலும் ஊன்றி, உடம்பை நேராக வைத்து அசையாமல் பிடிப்பது). 'ஆ' நாளில் ருமேனியன் டெட்லிஃப்ட் (முதுகு வளையாமல் இடுப்பில் குனிந்து, பாரைத் தொடை வழியே இறக்கி ஏற்றுவது), டம்பிள்ஸ் கொண்டு தோள் பிரஸ், லாட் புல்டவுன் (தலைக்கு மேலிருக்கும் கம்பியை நெஞ்சுவரை இழுப்பது), ஒவ்வொரு காலாக லஞ்ச் (ஒரு காலை முன்வைத்து இறங்கி எழுவது). கை பருக்க ஆசையாக இருந்தால் இரண்டு செட் கர்ல் (முழங்கையை மடக்கிப் பளுவைத் தூக்குவது) போட்டுக்கொள்ளுங்கள், குற்றமில்லை. திங்கள், புதன், வெள்ளி என்று போனால் முதல் வாரம் அ-ஆ-அ, அடுத்த வாரம் ஆ-அ-ஆ. ஒவ்வொன்றும் மூன்று செட். கால் பயிற்சிகளும் பெஞ்சும் 6 முதல் 10 தடவை, பிளாங்க் தவிர மற்றவை 8 முதல் 12. செட்டுகளுக்கு நடுவே இரண்டு, மூன்று நிமிடம் உட்காருங்கள். நிஜமாகவே உட்காருங்கள்; ஓய்வைத் திருடினால் அடுத்த செட்டின் பளு திருட்டுப் போகும். இன்னும் ஒன்றிரண்டு தடவை தூக்கலாம் என்ற கையிருப்பு இருக்கும்போதே செட்டை முடித்துவிடுங்கள்.

பளு ஏற்றும் முறைக்கு உங்கள் பெஞ்ச் பிரஸ்ஸையே எடுத்துக்கொள்வோம். பார் 20 கிலோ, இருபுறமும் 15, ஆக 50 கிலோ. முதல் நாள் 8, 8, 7 வந்தது என்று எழுதுகிறீர்கள். அடுத்த முறை 9, 8, 8. அதற்கடுத்து 10, 9, 8. பளுவைத் தொடாதீர்கள். மூன்று செட்டிலும் 10, 10, 10 வந்த நாளுக்கு அடுத்த முறைதான் இருபுறமும் ஒன்றேகால் கிலோ பிளேட் ஏறும், 52.5இல் மறுபடி 8, 7, 7 என்று தொடங்கும். நம் ஊர் ஜிம்கள் பலவற்றில் ஒன்றேகால் கிலோ பிளேட் இருப்பதில்லை. அப்படியானால் 12, 12, 12 வரும்வரை பொறுத்திருந்து 55க்குப் போங்கள். பாரும் எல்லா இடத்திலும் 20 கிலோ இருக்காது, 12 கிலோவிலும் பார்த்திருக்கிறேன். பரவாயில்லை, தினமும் அதே பாரை எடுங்கள். நம் கணக்கு நமக்குள்தான்.

இந்த 'கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று' என்ற யோசனை உடல் வனப்புக்காகப் பிறந்ததன்று. இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டில், சிகாகோவில் இருந்த ராணுவ மருத்துவமனையில் தாமஸ் டிலோர்ம் என்ற மருத்துவர், காயம்பட்டு முழங்கால் பலமிழந்த சிப்பாய்களுக்குப் படிப்படியாகப் பளு ஏற்றிக் கொடுத்தார். லேசான பயிற்சியும் ஓய்வுமே மருந்தாக இருந்த காலம் அது. பத்துத் தடவை மட்டுமே தூக்க முடிகிற பளுவைக் கண்டுபிடித்து, அதில் பாதி, பிறகு முக்கால், பிறகு முழுமை என்று மூன்று செட் வைத்தது பின்னர் அவர் பெயராலேயே அறியப்பட்டது. உடம்பைச் சூடேற்ற அது இன்றும் அருமையான வழி. 60 கிலோ ஸ்குவாட் செய்யும் நாளில் வெறும் பாரில் பத்து, 30 கிலோவில் எட்டு, 45இல் நான்கு, அதன் பிறகே 60.

என்னிடம் பயிற்சி எடுத்த வங்கி ஊழியர் ஒருவரின் நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நாற்பது பக்க நோட்டு, அட்டையில் மகளின் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும். தொடங்கும்போது 41 வயது, 84 கிலோ, இடுப்பு 99, ஸ்குவாட் 60 கிலோவில் எட்டுத் தடவை. பதினான்காம் வாரத்துப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறார்: 'தூக்கம் 5 மணி. 70 கிலோ: 6, 6, 5. கால் நடுங்கியது.' முந்தைய வாரம் அதே பளுவில் 8, 7, 7 வந்திருந்தது. அன்று அவர் பளுவைக் குறைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், செட்டைக் குறையுங்கள் என்றேன். அடுத்த இரண்டு வாரம் எல்லாப் பயிற்சியும் மூன்றுக்குப் பதில் இரண்டு செட், பளு அதேதான். பதினாறாம் வாரத்தில் 70 கிலோவில் 8, 8. இருபதாம் வாரம் முடியும்போது எடை 75, இடுப்பு 88, ஸ்குவாட் 72.5 கிலோவில் எட்டுத் தடவை. ஒன்பது கிலோ குறைந்த உடம்பு முன்பைவிட அதிகம் தூக்கியது. அவர் இழந்தது பெரும்பாலும் கொழுப்புதான் என்பதற்கு எனக்கு வேறு கருவி தேவைப்படவில்லை.

உங்களுக்கும் அந்த வாரம் வரும். எல்லோருக்கும் வருகிறது. பளு தள்ளாடும்போது குறைக்க வேண்டியது செட்டை. அதிலும் இரண்டு வாரத்தில் சரியாகவில்லை என்றால் கோளாறு ஜிம்மில் இல்லை. தூக்கத்திலோ தட்டிலோ இருக்கிறது.

தட்டைப் பற்றி அட்டவணைக்கு நிகராகப் பேசியாக வேண்டும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2016இல் வெளிவந்த ஆய்வில், 40 இளைஞர்களுக்கு நான்கு வாரம் தேவையைவிட 40 சதவீதம் குறைவான உணவும் கடுமையான பயிற்சியும் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் புரதம், மறு குழுவுக்கு 2.4 கிராம். முதல் குழு 3.5 கிலோ கொழுப்பை இழந்து தசையைத் தக்கவைத்துக்கொண்டது. இரண்டாம் குழு 4.8 கிலோ கொழுப்பை இழந்ததோடு, கொழுப்பில்லா உடல் எடையில் 1.2 கிலோ கூடியும் விட்டது. பயிற்சி இரண்டு குழுவுக்கும் ஒன்றே.

2.4 நமக்கு எட்டாத உயரம், தேவையும் இல்லை. கிலோவுக்கு 1.6 கிராம் வையுங்கள். உங்களுக்கு நாளொன்றுக்கு 130 கிராம். நாலு இட்லி சாம்பார், மதியம் சோறு, சாம்பார், ரசம், பொரியல், தயிர், இரவு மூன்று சப்பாத்தி குருமா என்று சாப்பிடுகிறவருக்கு 45, 50 கிராம் கிடைத்தாலே அதிகம். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்பீர்கள். துவரம்பருப்பில் 100 கிராமுக்கு 22 கிராம் புரதம் உண்டுதான். ஆனால் ஒரு கரண்டிச் சாம்பாரில் எத்தனை கிராம் பருப்பு இருக்கிறது என்று அம்மாவையே கேட்டுப் பாருங்கள். நாலு முட்டை 25 கிராம், பச்சையாக எடைபோட்ட 200 கிராம் கோழி நெஞ்சுக்கறி 45, உலர்ந்த சோயா உருண்டை 50 கிராமில் 26. கோழிக்குப் பதில் மத்தியோ அயிலையோ குழம்பில் போட்டாலும் சரி. இவற்றோடு மிச்சச் சாப்பாட்டின் புரதம் சேர்ந்தால் 130 வந்துவிடும். சைவமென்றால் சோயா, தயிர், சுண்டல், அரை லிட்டர் பால், கொஞ்சம் பனீர் என்று சேர்க்க வேண்டும்; பனீரில் கொழுப்பும் அதிகம் என்பதால் அளந்து போடுங்கள். அப்படியும் எட்டவில்லை என்றால் ஒரு கரண்டி வே புரதப் பொடி. அது பாலிலிருந்து எடுப்பது, பயப்பட ஒன்றுமில்லை.

வேகத்தையும் அடக்குங்கள். நார்வே விளையாட்டு வீரர்களிடம் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு உடல் எடையில் 0.7 சதவீதம் குறைத்தவர்களுக்குக் கொழுப்பில்லா எடை கூடியது. அதன் இருமடங்கு வேகத்தில் குறைத்தவர்களுக்குக் கூடவில்லை. உங்கள் கணக்கில் வாரத்துக்கு அரைக் கிலோ. புதிய அட்டவணையின் முதல் இரண்டு, மூன்று வாரம் தசையில் நீர் தேங்கி எடை அசையாமல் நிற்கலாம். எடைக்கருவியை நம்பி அன்றிரவே சோற்றை நிறுத்திவிடாதீர்கள். ஞாயிறு காலை, காலைக்கடன் முடித்தபின், தொப்புள் மட்டத்தில் தையற்காரர் நாடாவை வைத்து, மூச்சை இயல்பாக விட்டு அளந்து அதே நோட்டில் எழுதுங்கள்.

சனிக்கிழமை வயிற்றுப் பயிற்சியை எடுத்துவிட்டேன் என்று கவனித்திருப்பீர்கள். அங்கே வேலை செய்தால் அங்கேயே கொழுப்பு கரையும் என்பது உண்மையன்று. 2013இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் 12 வாரம் ஒரு காலுக்கு மட்டும், வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு ஆயிரம் தடவை அளவுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். கொழுப்பு குறைந்தது உடம்பின் மேல்பகுதியில். அந்தக் காலில் அல்ல. டிரெட்மில்லும் பளு முடிந்த கையோடு முக்கால் மணி நேரம் வேண்டாம். காலையிலோ இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகோ தெருவில் நடங்கள், தினமும் 40 நிமிடம். கால்களை அது சோர்வடையச் செய்யாது.

உங்கள் மனைவியும் சேரலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக, இதே அட்டவணையில். பெண்கள் பளு தூக்கினால் ஆண்களைப் போல் புடைத்துவிடும் என்ற பயத்தால் எத்தனையோ பேர் இரண்டு கிலோ டம்பிள்ஸோடு ஆண்டுக்கணக்கில் நிற்கிறார்கள். எலும்புக்கும் மூட்டுக்கும் அவர்களுக்கு இது இன்னும் அவசியம். வெறும் பார் கனமாக இருந்தால் ஒரு டம்பிள்ஸை நெஞ்சோடு அணைத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் தொடங்கட்டும். யாருக்காவது சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ, ரத்த அழுத்தத்துக்கு மருந்தோ இருந்தால் உணவைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பயிற்சியும் குறைந்த உணவும் சேரும்போது மருந்தின் அளவை அவர் மாற்ற வேண்டியிருக்கும். பளு தூக்கும்போது மூச்சை இறுக அடக்கவும் வேண்டாம்.

மாஸ்டர் கொடுத்த அட்டவணையை விட்டால் அவர் மனம் வருந்துவாரே என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே கூடத்தில் தினமும் முகம் பார்க்க வேண்டியவர் அவர். திங்கட்கிழமை நோட்டோடு போய், 'மாஸ்டர், மூன்று மாதம் இதைச் செய்து பார்க்கிறேன், ஸ்குவாட்டின்போது நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்' என்று கேளுங்கள். தொடை தரைக்கு இணையாக இறங்குகிறதா, எழும்போது முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா, குதிகால் தூக்குகிறதா, கீழே போனதும் முதுகு வளைகிறதா என்ற நான்கையும் நான் இங்கிருந்து பார்க்க முடியாது. ஆயிரம் பேரைப் பார்த்த அவர் கண் ஒரே செட்டில் சொல்லிவிடும். முதல் நாள் ஸ்குவாட்டில் 40 கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்கள்.